பெண்கள் பக்கத்து டிவி

சோஹைலுக்கும் சுல்தானாவுக்கும் நிக்காஹ் என்று முடிவான அன்றே சானியாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கும் காது கேட்காது, பெண்ணுக்கும் காது கேட்காது. அப்படியென்றால் நிக்காஹ் மேடையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேசப்போவது யாருக்கு?

சோஹைல் அவளுடைய அண்ணன். பிறவியிலிருந்தே காது கேட்காது. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். சுல்தானா கிருஷ்ணகிரிப் பெண். சேலத்தில் காது கேளாதோர் சங்கத்துக் கூட்டத்தில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு வீடியோ காலில் கையாலேயே பேசிப் பேசி, வீட்டில் சொல்லி, இரண்டு வீட்டாரும் மனம் ஒப்பிய பிறகே இந்தச் சம்பந்தம் அமைந்தது.

சானியா தர்மபுரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தமிழ் டைப்பிங்கில் ஹையர் முடித்தவள். வக்கீல் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, அவர் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுப்பதற்குள் இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அந்த விரல்கள்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

போன வருடம் காரிமங்கலத்தில் அப்பாவின் அண்ணன், பெரியத்தா மகன் கல்யாணம். ஹஜ்ரத் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல மண்டபமே சிரித்தது. சோஹைல் பக்கத்தில் இருந்த மாமாவின் தோளைத் தொட்டு, என்ன என்று கையால் கேட்டான். மாமா உள்ளங்கையைக் காட்டினார். அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சோஹைல் கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தான். பெண்கள் பக்கத்தை மறைத்த திரைச்சீலையின் இடுக்கு வழியாகச் சானியா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அது அவளை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது.

ஆகவே கல்யாணத் தேதி குறித்ததும், சாப்பாட்டு நேரத்தில் அத்தாவிடம் பேச்சை எடுத்தாள்.

"அத்தா, நிக்காஹ்ல ஹஜ்ரத் பேசப் பேச நான் டைப் அடிக்கிறேன். டிவியில பெரிய பெரிய எழுத்தா வரட்டும். அண்ணனும் படிச்சுக்கும், வர்ற கூட்டாளிங்களும் படிச்சுக்குவாங்க."

அவளுடைய அப்பா அப்துல் கனிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பஞ்சு மெத்தைக் கடை. ஊரில் பாதிப் பேர் அவர் தைத்துக் கொடுத்த மெத்தையில்தான் படுக்கிறார்கள். நாலு பேர் மதிக்கிற மனிதர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பும் கூடவே உண்டு.

"கல்யாண மண்டபத்துல போர்டு எழுதி மாட்டணுங்கிற. மாப்பிள்ளைக்குக் காது கேக்காது, பொண்ணுக்கும் கேக்காது, எல்லாரும் வந்து பாருங்கன்னு."

"ஊருக்குத் தெரியாததா அது?" என்றாள் அம்மா, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"தெரியறது வேற. டிவியில போட்டுக் காட்டறது வேற."

சோஹைல் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சானியா பேச்சு முழுவதையும் கையால் சொன்னாள். அத்தா சொன்னதையும் விடவில்லை. சோஹைல் இடது கையால் போனை எடுத்துத் தட்டி, அத்தாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதில் இருந்தது இதுதான்: 'என் கல்யாணத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா அத்தா?'

அப்துல் கனி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். எழுந்து கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சானியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் மண்டபத்தைப் பார்க்கப் போனாள். அங்கேதான் சிக்கல் தெரிந்தது. மண்டபத்தின் நடுவே பச்சைத் திரைச்சீலை. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். சோஹைல் மேடையில் இருப்பான், சுல்தானா திரைக்கு அப்பால் இருப்பாள். இரண்டு பக்கமும் சுவரில் பெரிய டிவி இருந்தது. ஆனால் சானியாவின் லேப்டாப்பில் டிவிக்கு வயர் செருகுவதற்கு ஒரே ஓர் இடம்தான்.

ஆண்கள் பக்கம் மட்டும் எழுத்து வந்தால் மாப்பிள்ளைக்குப் புரியும். பெண்ணுக்கு? அவளுடைய நிக்காஹும்தானே அது. சுல்தானாவின் தோழிகள் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிறார்கள், அவர்களுக்கு?

இதைக் கல்லூரித் தோழி கோகிலவாணியிடம் போனில் புலம்பினாள். கோகிலவாணி அதியமான்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்க? வூட்டுக்கு வாடி."

போனாள். கோகிலவாணியின் மேசையில் லேப்டாப்பின் இரு புறமும் ஒவ்வொரு மானிட்டர் இருந்தது. இவளுடையதிலும் வயர் செருக ஒரே இடம்தான். இரண்டாவது மானிட்டருக்குப் போகிற வயரைக் கோகிலவாணி விரலால் தொட்டுக் காட்டினாள். அது தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றில் போய் முடிந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குட்டி வயர் வந்து, பென்டிரைவ் போடுகிற யூஎஸ்பி துளையில் செருகியிருந்தது.

"யூஎஸ்பி அடாப்டர். இதைச் செருகினா உன் லேப்டாப்பு இன்னொரு டிவிக்கும் படம் அனுப்பும். சும்மா செருகினா மட்டும் வராது, இதுக்குன்னு ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் இருக்குது, அதை ஏத்திக்கணும்." சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிடுங்கி அவள் கையில் வைத்தாள். வலது பக்க மானிட்டர் இருண்டது.

"உனக்கு வேலைக்கு வேணுமேடி."

"கல்யாணம் முடியிற வரைக்கும் ஒத்தை மானிட்டர்ல ஒப்பேத்திக்கிறேன். போ."

வீட்டில் டிவியோடு இணைத்துப் பார்த்தபோது முதலில் 'சிக்னல் இல்லை' என்றே நின்றது. டிரைவரை இறக்கி ஏற்றி, லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் டிவியில் படம் வந்தது. ஆனால் லேப்டாப்பில் இருப்பது அப்படியே டிவியிலும் தெரிந்தது. அவள் தேடுவது, திறப்பது, மூடுவது எல்லாம் மண்டபத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸ் பட்டனோடு P-யை அழுத்தி, திரையை நீட்டிக்கும்படி மாற்றினாள். இப்போது லேப்டாப் தனி, டிவி தனி. ஒரே பக்கத்தை இரண்டு ஜன்னலாகத் திறந்து ஒன்றை டிவிக்கு இழுத்துவிட்டாள். லேப்டாப்பில் தட்டினால் டிவியில் எழுத்து விழுந்தது.

விழுந்தது, ஆனால் தாமதமாக விழுந்தது. அவள் வாக்கியத்தை முடித்துக் கையை எடுத்தபிறகும் டிவியில் எழுத்து நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தது. ஹஜ்ரத் முடிவுப் பிரார்த்தனையான துஆவை ஓதி முடிக்கும்போது டிவி இன்னும் ஸலாம் சொல்லிக்கொண்டிருக்கும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். வயரை மாற்றினாள். பயனில்லை. கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். யூஎஸ்பி துளை ஒன்றின் உள்நாக்கு கறுப்பாக இருந்தது, மற்றொன்றின் உள்நாக்கு நீலமாக இருந்தது. அவள் செருகியிருந்தது கறுப்பில். நீலத்துக்கு மாற்றினாள். எழுத்து விரலோடு சேர்ந்து ஓடியது.

"அம்மா, பேப்பரை எடுத்துப் படி" என்றாள்.

அம்மா செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாள். மாரண்டஹள்ளியில் தக்காளி விலை, பாலக்கோட்டில் பஸ் நிறுத்தம் மாறியது, பென்னாகரம் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் நல்லபாம்பு. சானியா அடித்தாள். சோஹைல் டிவிக்கு எதிரே உட்கார்ந்து, எழுத்து இன்னும் பெரிதாகட்டும் என்று கையால் சொன்னான். பின்னணி கறுப்பு, எழுத்து மஞ்சள் என்றான். பெயிண்ட் அடிக்கிறவன், எது தூரத்திலிருந்து தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அம்மா பாம்புச் செய்தியில் தானாக ஏதேதோ சேர்த்துப் படித்தாள். பாம்பைப் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் வேட்டியை விட்டுவிட்டு ஓடினார் என்று டிவியில் எழுத்து வந்ததும் சோஹைல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடையிலிருந்து வந்த அப்துல் கனி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மனைவி படிப்பதற்கு மகன் சிரிப்பதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஹஜ்ரத்கிட்ட நான் வந்து சொல்றேன்" என்றார். "நீயும் வா. என்ன வேணும்னு நீயே கேளு."

ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் எவ்வளவு மெதுவாப் பேசணும்மா?"

"மெதுவா வேணாங்க ஹஜ்ரத். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டீங்கன்னா போதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "என் வூட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க." பிறகு அவராகவே சொன்னார்: "பேச முடியாதவங்க சைகையால சொன்னாலும் எழுதிச் சொன்னாலும் சம்மதம் சம்மதந்தான். தெளிவா இருக்கணும், அவ்வளவுதான். அதுக்கும் இது நல்லதாப் போச்சு."

நிக்காஹ் அன்று காலையிலேயே சானியா மண்டபத்துக்கு வந்துவிட்டாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரைச்சீலையின் ஓரத்தில் பெண்கள் பக்கமாக ஒரு சிறு மேசை போட்டுக்கொண்டாள். அங்கிருந்து ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கும். திரையைக் கொஞ்சம் ஒதுக்கினால் மேடையும் தெரியும். லேப்டாப்பின் சொந்த வயர் திரைக்கு அடியில் நுழைந்து ஆண்கள் பக்க டிவிக்குப் போனது. கோகிலவாணியின் அடாப்டரிலிருந்து போன வயர் பெண்கள் பக்க டிவிக்கு. யாரும் தடுக்கி விழாமல் இருக்க வயர்கள்மேல் டேப் ஒட்டினாள். இரண்டு டிவியிலும் மஞ்சள் எழுத்து மலர்ந்தது: 'வாங்க. எல்லாரும் வந்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.'

சேலத்துத் தோழர்கள் உள்ளே வந்ததும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் நின்று மற்றவரைத் தொட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைத் தொட்டார். பின்வரிசையில் உட்காரப் போனவர்கள் எழுந்து முன்வரிசைக்கு வந்தார்கள். கல்யாண வீட்டில் அவர்கள் முன்வரிசை தேடி வந்து சானியா பார்ப்பது இதுவே முதல் தடவை. பெண்கள் பக்கத்தில் சுல்தானா தலைமுக்காட்டை விலக்கி டிவியைப் பார்த்தாள், பிறகு சானியாவைப் பார்த்தாள். கையை மார்பில் வைத்து எடுத்தாள். சானியா தலையாட்டிவிட்டுக் கீபோர்டின் பக்கம் குனிந்துகொண்டாள்.

ஹஜ்ரத் ஸலாம் சொல்லித் தொடங்கினார். கல்யாணம் என்பது ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்களாக ஆவது என்றார். ஆடை குளிரைத் தடுக்கும், குறையை மறைக்கும், அழகையும் தரும் என்றார். சொன்னபடியே நடுநடுவே மூச்சு விட்டார். சானியாவின் விரல்கள் ஓடின. அவர் சொல்லும் ஒவ்வொன்றும் இரண்டு சுவர்களிலும் ஒரே நேரத்தில் ஏறியது.

"ஆனா ஆடைன்னா சும்மா இல்லீங்க, அப்பப்பத் துவைக்கணும்" என்றார் ஹஜ்ரத். காது கேட்பவர்கள் சிரித்தார்கள். அரை நொடி கழித்துப் படித்தவர்களும் சிரித்தார்கள். மேடையில் சோஹைலின் தோள் குலுங்கியது. சானியா திரை இடுக்கில் அதைப் பார்த்தாள். அடுத்த வாக்கியத்தில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. திருத்தினாள்.

அப்போதுதான் கரண்ட் போனது.

மின்விசிறிகள் நின்றன. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்து, விளக்குகள் வந்தன. ஆண்கள் பக்க டிவி விழித்து எழுத்தைக் காட்டியது. பெண்கள் பக்க டிவி கறுப்பாகவே இருந்தது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் மிதந்தது.

மைக் வேலை செய்ததால் ஹஜ்ரத் பேச்சைத் தொடர்ந்தார். சானியா ஒரு கையால் அடித்துக்கொண்டே இன்னொரு கையால் வயரை அசைத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த கோகிலவாணி ஓடிப்போய் டிவியின் பின்னால் பார்த்து, இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையைக் காட்டினாள். சுல்தானாவின் தோழிகள் டிவியையும் சானியாவையும் பார்த்தார்கள். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று தெரிந்தது. அவள் திரையை ஒதுக்கி மேடையை நோக்கிக் கையசைத்தாள். ஹஜ்ரத் கவனிக்கவில்லை.

கவனித்தவர் அப்துல் கனி. முன்வரிசையில் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மகளின் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். அத்தனை பேருக்கும் நடுவே மேடைக்கு அருகில் போனார்.

"ஹஜ்ரத், மன்னிக்கணும். கொஞ்சம் நிறுத்துங்க."

ஹஜ்ரத் மைக்கைத் தாழ்த்தினார். பின்னாலிருந்து ஒருவர், "என்ன பாய், தொழுகைக்கு நேரமாவுதுல்ல" என்றார்.

அப்துல் கனி திரும்பிப் பார்த்தார். அவருடைய குரல் உயரவில்லை. "அந்தப் பக்கம் எழுத்து வரலைங்க. எங்க மருமகளுக்கு ஹஜ்ரத் என்ன பேசறாருன்னு தெரியலை. அது தெரிஞ்சப்புறம் ஆரம்பிக்கலாம். எல்லாரும் பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்க டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த சோஹைல், எழுத்து நின்றதால் அத்தாவைப் பார்த்தான். அவர் திரைச்சீலையைச் சுட்டிக்காட்டி, காத்திரு என்று கையைக் காட்டினார். 

சானியாவுக்குப் பதற்றம் வடிந்துவிட்டது. அடாப்டரை உருவினாள். லேப்டாப் ஒரு சத்தம் எழுப்பியது. கொஞ்சம் விட்டு மறுபடி நீலத் துளையில் அழுத்திச் செருகினாள். திரை ஒரு முறை இருண்டு மின்னியது. பெண்கள் பக்க டிவியில் வெறும் நீலப் பின்னணி வந்தது. அங்கே இருந்த ஜன்னல் லேப்டாப்புக்குத் தாவி வந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்து அந்த டிவிக்கு விட்டாள். ஆடை, குளிர், அழகு, துவைப்பது என்று விட்ட இடம் வரைக்கும் எல்லாம் மஞ்சளில் எழுந்து நின்றது. பெண்கள் பக்கத்தில் எல்லாக் கைகளும் மேலே உயர்ந்து விரல்களை ஆட்டின. அதுதான் அவர்களுடைய கைதட்டல்.

"வந்துருச்சுங்க அத்தா" என்றாள் சானியா.

அப்துல் கனி ஹஜ்ரத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பேச்சு முடிந்து, பெண்ணிடம் சம்மதம் கேட்கும் நேரம் வந்தது. சுல்தானாவின் தந்தையும் இரண்டு சாட்சிகளும் திரையருகே வந்து நின்றார்கள். ஹஜ்ரத் மேடையிலிருந்தே கேட்டார். சானியா எழுதினாள்: 'சுல்தானா, மாப்பிள்ளை கொடுப்பதாகப் பேசிய மஹருக்கு, அப்துல் கனியின் மகன் சோஹைலுக்கு உங்களை நிக்காஹ் செய்து கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?'

வழக்கமாக இந்த இடத்தில் பெண் தலை குனிவாள். பக்கத்தில் இருக்கும் பெரியவள் ஒருத்தி, சரியென்றுவிட்டாள் என்று குரல் கொடுப்பாள். சுல்தானாவின் அத்தை அதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

சுல்தானா எழுந்தாள். சரிகை முக்காடு சரசரக்க நடந்து வந்து சானியாவின் மேசை முன்னால் நின்றாள். கீபோர்டைச் சுட்டிக்காட்டினாள். நான், என்றது அவள் கை.

சானியா நாற்காலியை விட்டு எழுந்தாள். சுல்தானா உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினாள். சம்பந்தமில்லாத எழுத்து ஒன்று இரண்டு டிவியிலும் விழுந்தது. அது டைப்ரைட்டர் விசைமுறை, அவளுக்குப் பழக்கமில்லை. சானியா குனிந்து, போனில் அடிப்பதுபோல் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வருகிற முறைக்கு மாற்றிக் கொடுத்தாள். சுல்தானா விழுந்த எழுத்தை அழித்தாள். மருதாணி சிவந்த ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் இரண்டு பக்கமும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். 'நான்' என்று வந்தது. 'சுல்தானா' என்று வந்தது. ஒரு இடைவெளி. பிறகு, 'எனக்கு முழுச் சம்மதம்.' அவள் அதோடு விடவில்லை. கொஞ்சம் யோசித்து இன்னொரு வரியும் தட்டினாள். 'கேட்டதற்கு நன்றி.'

ஹஜ்ரத் மைக்கில் அதைச் சத்தமாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். சாட்சிகள் இருவரும், பார்த்தோம் என்றார்கள். சுல்தானாவின் தந்தை தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுல்தானா எழுந்து போனதும் சானியா மறுபடி கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்து சோஹைலிடம் கேட்டார்கள். அவன் டிவியைப் படித்தான். எழுந்து நின்று, வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, ஏற்றுக்கொண்டேன் என்று சைகையால் சொன்னான். வழக்கப்படி மறுபடியும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் சொல்ல, அவன் கைகள் சொன்னதைச் சானியா எழுத்தாக்கினாள்: 'ஏற்றுக்கொண்டேன்.' எத்தனையோ வழக்குக் காகிதம் அடித்த விரல்கள் அவை. இவ்வளவு பெரிய சொல்லை அவை எப்போதும் அடித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

துஆ முடிந்து கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்தது. சானியா விரல்களை உதறிவிட்டுக்கொண்டாள். கோகிலவாணி ஒரு டம்ளரில் ரோஸ்மில்க் கொண்டுவந்து நீட்டி, "என் அடாப்டர் பண்ண வேலையப் பாத்தியாடி" என்றாள். 

"அடாப்டரா பண்ணுச்சு?" என்றாள் சானியா. இருவரும் சிரித்தார்கள்.

திரைக்கு அப்பால் பந்தி வாசலில் அத்தாவின் குரல் கேட்டது. யாரோ வெளியூர்க்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார். இதுக்கு யாரைப் பிடிச்சீங்க பாய், பெங்களூர்ல இருந்து ஆள் வரவெச்சீங்களா, எங்க வூட்டுலயும் ஒரு பையன் இருக்கான், அவனுக்கும் இப்படித்தான், என்றார்.

"ஆள் எதுக்குங்க வரவெக்கணும்?" என்றார் அப்துல் கனி. "எம் பொண்ணு சானியா. அவளேதான் வயர் இழுத்து, அவளேதான் டைப் அடிச்சா. உங்க பையன் கல்யாணத்துக்கும் சொல்லுங்க, நானே கூட்டிக்கிட்டு வர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, இன்னொருவரும் கேட்கும்படியாக மறுபடி சொன்னார்: "எம் பொண்ணுதாங்க."

சானியா வயர்களைச் சுருட்ட எழுந்தாள். பெண்கள் பக்க டிவிக்கு முன்னால் சுல்தானாவின் தோழிகள் மூவர் இன்னும் நின்றிருந்தார்கள். சாப்பிடப் போகவில்லை. ஒருத்தி அவளைப் பார்த்து, மேலே நகர்த்து என்று கையால் கேட்டாள். முதலிலிருந்து ஒரு தடவை படிக்க வேண்டுமாம். சானியா உருவப்போன வயரை அப்படியே விட்டாள். பக்கத்தைத் தொடக்கத்துக்கு நகர்த்திவிட்டு, அவர்களோடு நின்று தானும் படிக்கத் தொடங்கினாள்.